பிரானக் நட்ட காடு

1939 பிப்ரவரி 7

கன்றுகள் நட்ட நிலத்தின் மேற்குப் பகுதியைக் கொளுத்தி முடித்தோம். நீளூசிப் பைன் கன்றுக்கு நெருப்பு நல்லது. நோய் பிடித்த ஊசியிலைகள் எரிந்துபோகும், மொட்டு பிழைத்துக்கொள்ளும். நான்கு வருடமாகப் புல்கொத்து மாதிரியே நிற்கிறது. வேர் மட்டும் தடிக்கிறது. இந்த வசந்தத்தில் தண்டு விட வேண்டும்.

மரமறுக்கும் ஆலையில் சொன்னால் சிரிக்கிறார்கள். "புல்லு இஞ்சினியர் வராரு, மாட்டப் புடிச்சுக் கட்டுங்கடா."

பிரானக் பெரியவர் சிரிப்பதில்லை. தெற்கு மிசிசிப்பியில் பாதிக் காட்டை மொட்டையடித்து இந்த ஆலையையும் ஊரையும் எழுப்பியவர். என் அப்பா அவர் ஆலையில்தான் செத்தார். பிறகு என்னை வனவியல் படிக்க வைத்தவரும் அவர்தான். "நான் வெட்டினத எல்லாரும் பாத்துட்டாங்க வெண்டல். நட்டதையும் நாலு பேரு பாக்கட்டும்."

நான் கேட்டதும் வேலி போட்டுக் கொடுத்தார். அது பெரிய காரியம். இங்கே பன்றியை அடைத்து வளர்க்கிற வழக்கம் கிடையாது. காதில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். வேலியைப் பார்த்தாலே பன்றிக்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரி 20

பெரியவரின் மகன் லேலண்ட் மாவட்டக் குழுத் தேர்தலில் நிற்கிறானாம். எனக்கென்ன.

மார்ச் 3

போச்சு.

வேலிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பன்றிகள். பைன் வேரின் பட்டை அவற்றுக்கு மிட்டாய் மாதிரி. கன்று கன்றாகப் பிடுங்கி, உரித்து, சப்பிப் போட்டிருக்கின்றன. துரத்தத் துரத்தத் திரும்பி வந்தன.

மார்ச் 5

தேவாலய வாசலில், ஊர் முன்னால், பெரியவர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "படிச்ச புள்ளதான். கதவச் சாத்த மறந்துட்டான். சின்ன வயசு, விட்டுருங்க."

சாத்தினேனே. சங்கிலியை மாட்டிப் பூட்டினேனே — பூட்டினேனா? ஊர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 11

ஹோசியா டன்னம் வீட்டுக்குப் போனேன். உள்ளே மேய்ந்ததில் பாதி அவன் பன்றிகள்.

"வா தம்பி. உன் புல்லு ரொம்ப ருசியாம், இதுங்க சொல்லுதுங்க."

"கதவு திறந்திருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?"

"என்னப்பா இப்படிக் கேக்குற? பெரியவர்தான் கூப்பிட்டு விட்டாரே. வேலியத் தொறந்தாச்சு, பையனுக்கு ஓட்டுப் போடுங்கன்னாரு." என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "உனக்குத் தெரியாதா? நீயும் சேந்துதான்னு நெனச்சேன்."

மார்ச் 12

பெரியவரிடம் நேரே கேட்டேன். மறுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"மரம் திரும்ப மொளைக்கும் வெண்டல். தேர்தல் இந்த வருசம்தான்."

"என் பேரைக் கெடுத்தீங்களே, ஐயா?"

"யாரு மேலயாவது போட்டாகணும். நீ எங்க போயிடப் போறேன்னு நெனச்சேன்."

அவர் எனக்குச் செய்ததெல்லாம் செய்ததுதான். அதற்காக? நான் அவருடைய ஆலைச் சாமானா? எதைத் தூக்கி எதற்கு முட்டுக் கொடுக்கலாம் என்று பார்க்கிற கை அது. காட்டையும் அந்தக் கையால்தான் தொட்டிருக்கிறார். நான்தான் வேறு என்னவோ நினைத்துக்கொண்டேன்.

வேலிச் சாவிகளை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9

லேலண்ட் ஜெயித்துவிட்டான்.

1940 ஜனவரி 16, ஜார்ஜியா

பெரியவர் போன மாதம் இறந்துவிட்டார். இங்கே வந்துதான் தெரியும். திருமதி கோரி சாட்டர்ஃபீல்டு சொன்னார். கணவர் மரமெல்லாம் வெட்டி விட்டுப்போன நிலத்தில் பைன் நட ஆள் தேடுகிறவர்.

"காட்ட அழிச்சவங்க நெறைய பேரு. திரும்ப நட்டவரு அவரு ஒருத்தர்தானாம். நீங்க அவர்கிட்டயா இருந்தீங்க?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கன்று இல்லாத அந்த நிலத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

"ஆமாம்மா. அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றேன்.

"அப்புறம் என்ன, நாளைக்கே ஆரம்பிங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, தரேன்."

வேலிச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றேன். சரி என்றார். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன்.

அவர் முகம் வாடியது. நல்ல மனுஷி. ஆனாலும் எழுதி முடிக்கும்வரை நின்றேன்.