மச்சானுக்குப் பதிலாக நான் பேசிய இங்கிலீஷ்

நவம்பர் 4, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். வலை காயவில்லை. இதெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். "மச்சான், ஹோட்டல்காரன் தனித்தனியாத்தான் கூப்பிடுவான், வாயைத் திறந்து பழகு" என்று வகுப்பு தொடங்கிய அன்றே நஸீரிடம் சொன்னேன். கேட்டால்தானே.

டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரரைக் கடலுக்குக் கூட்டிப்போக ஹோட்டலுக்குப் படகோட்டிகள் தேவை. இங்கிலீஷ் தெரிந்தவர்கள். வாசிகசாலை இங்கிலீஷ் வகுப்பிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். நேற்று நேர்முகம். நான் தேர்வு. தங்கை புருஷன் நஸீர் தேர்வாகவில்லை.

நான் உள்ளே போனதும் வெள்ளைக்கார மனேஜர் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். விடாமல் பேசினேன். இங்கே திமிங்கிலம் கோட்டைச் சுவர் நீளம் என்றேன். கை தட்டினாள். (சிரித்தாள். கை தட்டுவதற்குக் கிட்ட.)

பிறகு நஸீர். வெளியே வாங்குப்பலகையில் இருந்தேன், கண்ணாடிக் கதவு. நடுக்கடலில் என்ஜின் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டாளாம். கேள்வி விளங்கியதாம். பதிலும் தெரியுமாம். ஆனால் அவன் கதவுப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

நவ. 5, சனி

வெயில். தங்கை மர்லியா வீடு. அவளுக்கு இது ஏழாம் மாதம். ஹோட்டல் வேலை என்றால் நஸீர் பொழுதுபட வீட்டுக்கு வருவான். இல்லையென்றால் உச்சமுனைத் தீவில் மீன்வாடி. சீசன் முடியும் மட்டும் அங்கேதான் கிடை. பிள்ளை பிறக்கும்போதும்.

"நானா, நீங்க சொல்லியுமா இவர் கேக்கல்ல?" என்று அண்ணன் என்னிடம் கேட்டாள்.

"நான் என்னத்தச் சொல்ல புள்ள. தலையால அடிச்சிக்கிட்டன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "வாய் இருக்கா ஒங்களுக்கு? வகுப்புல தூங்கினீங்களா?"

நஸீர் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னை ஒருதரம் பார்த்தான்.

"ஓம், மச்சான் சொன்னாருதான்."

தேத்தண்ணி வந்தது. சீனி கூடுதல். பாதியில் வைத்துவிட்டேன்.

நவ. 7, திங்கள்

வகுப்பு. இங்கிலீஷ் வகுப்பில் முழுப் பலன் எடுக்க என் முறை (மற்றவர்களும் பின்பற்றலாம்):

முன் வாங்கில் இடம்.
மிஸ் கேட்டு முடிக்குமுன் பதில்.
தெரியாத சொல்லுக்குச் சிரிப்பு.
பக்கத்தில் இருப்பவன் திணறினால் அவனுக்கும் சேர்த்துப் பேசு.

கடைசியை வெட்டிவிட்டேன்.

நஸீரின் இடம் காலி. மிஸ் யாழ்ப்பாணத்தார், சண்டைக் காலத்தில் இங்கே வந்து தங்கியவர். "அவர் ஏன் வரேல்லை?"

"காய்ச்சல் மிஸ்."

"அதையும் நீங்கள்தான் சொல்லுறியள். அவரிட்டப் பேரைக் கேட்டாலும் நீங்கள்தானே சொன்னனீங்கள். அந்த மனுசன்ர குரலை நான் இன்னும் கேக்கேல்லை."

வகுப்பே சிரித்தது. நானும். பிறகு என்ன பாடம் நடந்ததென்று ஞாபகமில்லை.

நவ. 8, செவ்வாய்

காற்று. படகு இறக்கவில்லை. சும்மா இருந்தால் மனம் சும்மா இராது.

சண்டைக் காலத்தில் நேவி மறித்துப் பாஸ் பார்க்கும்போது படகில் நாலு பேர் என்றாலும் வாய் ஒன்றுதான், என்னுடையது. என் சிங்களத்தை நேவியின் பெரிய மாத்தையாவே மெச்சி, பிஸ்கட் தந்தார். (பிஸ்கட் இல்லை. போகச் சொன்னார்.) மற்றவர்கள் தலையைக் குனிந்திருப்பார்கள், நான் பேசி எல்லாரையும் கரை சேர்ப்பேன். அரசாங்கக் கச்சேரியிலும் அப்படித்தான். ஒருவன் பேசினால் ஊருக்கே வேலை முடியும்.

வகுப்பும் அப்படியென்று இருந்துவிட்டேன். மச்சான் திக்கி, நாலு பேர் சிரித்தால் தங்கைக்குத்தானே குறைச்சல். அவன் வாயெடுக்கும்போதெல்லாம் நான் முந்தினேன். மிஸ் என்னை "வெரி குட்" என்பார். அதுவும் ருசிதான்.

ஹோட்டலிலிருந்து போன். சனிக்கிழமை வரட்டாம், தொப்பி தருவார்களாம். நஸீரைப் பற்றிக் கேட்டேன். அடுத்த சீசன் பார்க்கலாமாம்.

நவ. 10, வியாழன்

மழை விட்டுவிட்டது. காலையில் துறைக்குப் போனேன். நஸீர் உச்சமுனைக்கு. அரிசி, பாய், வலை, ஒரு போத்தல் மாசிச் சம்பல். மர்லியா கட்டிக் கொடுத்தது. அவள் துறைக்கு வரவில்லை. கோபம் இன்னும் அவன்மேல்தான்.

"மர்லியாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா நீங்க கதைங்க மச்சான். அவளுக்குச் சிங்களம் வராது."

"அன்டைக்கு ஏன்டா அவள்ட்ட ஓமெண்ட?"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சிரித்தான். "நீங்க கதைச்சா நான் ஓமெண்டுறதுதானே பழக்கம்."

படகு போய்விட்டது. வந்து வெள்ளிக்கிழமை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். என்ன அழகாக எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்து பழகு என்று அவனிடம் நான் சொல்லவேயில்லை. முதல் நாள் வாசிகசாலை வாசலில் வைத்து, அவன் தோளில் கை போட்டு, நான் சொன்னது இதுதான்: "நீ பேசாம இரி மச்சான். நான் பாத்துக்கிறன்."