கேட்டில் கட்டிய படம்

திருக்கழுக்குன்றம்
10 ஜூன் 2025

அன்புள்ள கிருபா,

இங்கே மூவரும் சுகம். நீ சுகமா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள் அம்மா, கேட்டுவிட்டேன்.

ஒன்றாம் தேதி உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு. முகம் தெளிந்திருக்கிறது, சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கினான் என்று பக்கத்து வீட்டுச் சுவரிடம்கூடச் சொல்லிவிடுவாள் போலிருக்கிறது. மனிதர்களிடம்தான் சொல்ல முடியாது. ஊரைப் பொறுத்தவரை நீ இன்னும் கோயம்புத்தூரில் பயிற்சியில் இருக்கிறாய். தன்னோடு கம்பெனி பஸ் ஓட்டும் நண்பர்களிடமும் சபையிலும் அப்பா அதையேதான் சொல்கிறார். மாதம் ஒருமுறை உன்னைப் பார்க்க அனுமதிக்கிறார்கள். மூன்று மாதமாகியும் அவர் ஒருமுறை கூட வரவில்லை. ஏன் என்று நீயும் கேட்பதில்லை. உன் பெயரை எடுத்தாலே எழுந்து பஸ்ஸைக் கழுவப் போய்விடுகிறார்.

எங்கள் பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றத்துக்கு என்னைப் பொறுப்பாசிரியை ஆக்கியிருக்கிறார்கள். மறுப்பதற்கு இருந்த ஒரே காரணத்தை வெளியில் சொல்ல முடியாது, அதனால் ஒப்புக்கொண்டேன். ஓவியப் போட்டி நடத்தினோம். பத்தாம் வகுப்பு கீர்த்தனாவுக்கு முதல் பரிசு. மாத்திரை அட்டைகளைப் பெயரோடும் நிறத்தோடும் அச்சு அசலாக வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மண்டை ஓடு போட்டிருக்கிறாள். தலைமையாசிரியர் முத்துசாமி சாருக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துப் பள்ளி கேட்டிலேயே கட்டிவிட்டார். 26ஆம் தேதி உறுதிமொழி நாள், கல்வி அதிகாரி வருகிறார்.

உங்கள் மறுவாழ்வு மையத்தில் போன் கூடாது என்பதால்தான் நான் கடிதம் எழுதுகிறேன். நீ பதில் எழுதவும் கூடாது என்று விதி ஒன்றும் இல்லையே?

உன் அக்கா,
ஜெசிந்தா


14 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கடற்காற்றில் கறுத்துப் போனேன், அவ்வளவுதான்.

முதலில் அந்த ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்.

நான் பாலிடெக்னிக் முதல் வருடத்தில் இருந்தபோது ஒருவர் வந்து விழிப்புணர்வு வகுப்பு எடுத்தார். திரையில் இதே மாதிரி மாத்திரைகளைப் பெயரும் மண்டை ஓடும் போட்டுக் காட்டினார். அதுவரை எனக்குத் தெரிந்த போதையெல்லாம் சாராயக்கடையில் விற்பது மட்டும்தான். வலி மாத்திரை அதற்கு ஆகும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வகுப்பு. பக்கத்தில் இருந்தவன் போட்டோவே எடுத்துக்கொண்டான். மண்டை ஓட்டைப் பார்த்து எங்கள் பெஞ்சில் ஒருவனும் பயப்படவில்லை. சிரித்தோம்.

அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்கவில்லை. வாங்கிப் போட்டது நான். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் தொடாதே, தொடாதே என்றுதான் சொன்னார். தொட்டுவிட்டவன் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ என் பையைத் துழாவிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்திருக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணைத் திட்டாதே. நன்றாக வரைகிறவள் போலிருக்கிறது.

உன் தம்பி,
கிருபாகரன்


திருக்கழுக்குன்றம்
17 ஜூன் 2025

அன்புள்ள கிருபா,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். சார் முதலில் அசையவில்லை. பரிசு வாங்கிய படம், அதிகாரி பார்க்க வேண்டாமா என்றார். பெயரையும் நிறத்தையும் நாமே கற்றுக்கொடுக்கிறோம் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். தெரிந்த ஒரு மாணவர், அந்த வழியில் போய் மீண்டு வருகிறவர் என்று மட்டும் சொன்னேன். சார் பியூனைக் கூப்பிட்டு ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னார். பிறகு என்னிடம், "அந்தப் பையனையே கூட்டினு வாங்க டீச்சர். அதிகாரி வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார்.

கீர்த்தனா அழுதுவிட்டாள். படத்தில் தப்பில்லை, அதைப் பார்க்கப்போகும் கண்ணை நாங்கள் யோசிக்கவில்லை, தொட்டுவிட்டவன் யாரிடம் போவான் என்றும் யோசிக்கவில்லை என்று சொன்னேன். மறுநாள் புதிதாக ஒன்று வரைந்து வந்தாள்: ஆசிரியர் அறை, என் மேஜைக்குப் பின்னால் நான், எதிரே ஒரு காலி நாற்காலி. அவ்வளவுதான். என் மூக்கு அவ்வளவு நீளமா என்று கேட்டேன். "இருக்கறத்தானே மிஸ் வரைய முடியும்" என்கிறாள்.

சார் கேட்டதை உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. நீ வேண்டாம் என்றால் இந்தப் பேச்சு இதோடு முடிந்தது. யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டோம்.

அன்புடன்,
ஜெசிந்தா


20 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன். மையத்து ஆலோசகர் கூட வருவார், அன்றைக்கே திரும்பிவிட வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. உன் தம்பி என்று சொல்லக்கூடாது. கோயம்புத்தூரில் இருப்பவன் கழுக்குன்றத்தில் மைக் பிடித்தால் அப்பா நாளைக்கு எந்த முகத்தோடு பஸ் எடுப்பார்? கல்லூரி மாணவர் என்று மட்டும் சொல்.

தினமும் பேசிப் பார்க்கிறேன். அறைத்தோழன் ஷ்யாம்தான் கூட்டம். கை தட்டக்கூடாத இடத்திலெல்லாம் தட்டுகிறான். "நடுவுல கொஞ்சம் அழுதா தூக்கலா இருக்கும் மச்சான்" என்று யோசனை வேறு. நீ அழு, நான் பேசுகிறேன் என்றேன்.

பயமாகத்தான் இருக்கிறது. மாத்திரை இல்லாமல் பயப்படுவது எப்படி என்று இப்போதுதான் பழகுகிறேன்.

உன் தம்பி,
கிருபாகரன்


திருக்கழுக்குன்றம்
30 ஜூன் 2025

என் அன்புத் தம்பி,

அன்றைக்கு உன்னோடு பேசவே முடியவில்லை, அதற்குள் வண்டி ஏறிவிட்டாய். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கல்லூரி மாணவர் என்றுதான் அறிமுகம் செய்தேன். மீறியது நீதான்.

கடைசி வரிசையிலிருந்து அந்தப் பையன் எழுந்து, "வூட்ல தெரியுமாண்ணா?" என்று கேட்டபோது நீ ஏதாவது சொல்லிக் கடந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ என் பக்கம் திரும்பினாய். "தெரியும். மொதல்ல கண்டுபிடிச்சது எங்க அக்கா. அதோ, உங்க ஜெசிந்தா மிஸ்தான்" என்றாய். எண்ணூறு கண்கள் என்மேல் திரும்பின. எதையும் வெளியே காட்டிக்கொள்ளாதவள் என்று எனக்குப் பெயர் உண்டு. அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் மைக்கை வாங்கி, ஆமாம், என் தம்பி என்று கத்தியிருப்பேன். அதிகாரி எழுந்து நின்றார். சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மாணவன் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். யார், என்ன என்று உனக்கும் சொல்ல மாட்டேன். தானாக வந்தான் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இனி அப்பா. சனிக்கிழமைக்குள் பேச்சு அவர் காதுக்கும் எட்டிவிட்டது, அன்றைக்குத் தட்டில் சோறு மிச்சம். இன்று காலை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். டீக்கடையில் அப்பாவும் கண்ணாயிரம் மாமாவும். மாமா அப்பாவோடு பஸ் ஓட்டுகிறவர், அவர் பெண் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. இருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"இன்னா ஏசுபாதம், உன் புள்ள கோயமுத்தூர்ல கீறான்னே. ஸ்கூல்ல வந்து பேசினான்னு எம்பொண்ணு சொல்லுது?"

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"கோயமுத்தூர் இல்லப்பா. மாத்திரைப் பழக்கம். சதுரங்கப்பட்டினத்தாண்ட வைத்தியத்துல கீறான். அங்கிருந்துதான் வந்து பேசிட்டுப் போனான்" என்றார். பிறகு அவரே, "இன்னா பேசினான்னு உம் பொண்ணாண்ட கேட்டு வந்து சொல்றியா?" என்றார்.

என்னைக் கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில்தான் படுக்கிறேன். கேட்க மாட்டார், உனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு ஆறாம் தேதி மூன்று பேரும் வருகிறோம். அவர் டியூட்டி மாற்றிக்கொண்டார் என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். அங்கேயும் வாயைத் திறந்து கேட்க மாட்டார். நீயாகவே சொல். பள்ளியில் பேசியது போலவே, முதலிலிருந்து.

உன் அக்கா,
ஜெசிந்தா