தானாகத் தமிழான விளம்பரங்கள்

செவ்வாய், 12 ஆகஸ்ட் 2008

இன்று மயிரிழையில் தப்பினேன்.

எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. தம்பானூரில் இந்த விளம்பர ஆபீசில் சேரும்போது வாசிக்கவும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். இதுவரை என்னைக் காப்பாற்றியது பிரவுசரில் புக்மார்க்காக வைத்திருந்த ஒரு வரி புரோகிராம். அதை அழுத்தினால் வலைப்பக்கத்திலுள்ள மலையாள எழுத்தெல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும்.

ஒவ்வொரு தடவையும் எதற்கு அழுத்துவது என்று நேற்று அதை பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷனாக மாற்றினேன். முதல் முயற்சியே பலித்ததில் தலைகால் புரியவில்லை. இனி அது தானாகவே எல்லாப் பக்கத்திலும் ஓடும், டைப் செய்யும் பெட்டியைக்கூட விடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று மதியம் என் கம்ப்யூட்டரில், ஆபீசில் டைப் செய்யும் லதா சேச்சி உட்கார்ந்தார். அவர் அடித்த கல்யாண விளம்பரங்கள் எல்லாம் சேவ் ஆகும்போதே தமிழ் எழுத்தாகிவிட்டன.

"இது வைரஸாணு சாரே," என்று மேனேஜரைக் கூப்பிட்டார்.

மேனேஜர் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். நானும் வைரஸ்தான் என்று தலையாட்டினேன்.

கிளம்பும்போது சேச்சி ஒரு காகிதக் கட்டைக் கையில் தந்தார். விளம்பரம் கொடுத்தவர்கள் மலையாளத்தில் கையால் எழுதித் தந்தவை.

"நாளெ நீ இது வாயிச்சு தந்நா மதி மோளே. ஞான் டைப் செய்யாம்."

நான் வாசித்துச் சொன்னால் போதுமாம், அவர் டைப் செய்துகொள்வாராம். "சரி சேச்சி" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

முதல் தாளை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதில் எங்கே அழுத்துவது?