அழுக்கு இல்லையாம்

ஐப்பசி 14, வெள்ளி

என் மகள் கவிதாவின் பிடரியில் இருக்கும் கறுப்பு, அழுக்கு இல்லையாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வருவதாம். தேய்த்தால் போகாது, சாப்பாட்டை மாற்றி தினமும் நடந்தால் மெல்லக் குறையும் என்று டாக்டரம்மா இன்று சொன்னார்.

"தோல் வழண்டு போற அளவுக்கு யாரும்மா தேச்சது?" என்று கேட்டார்.

"நான்தான், டாக்டர்," என்றாள் கவிதா. பதின்மூன்று வயது.

இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு ஊற்றும்போது பீர்க்கங்காய் நாரால் தேய்த்தது நான். சாயப்பட்டறையில் மஞ்சள் பட்டு நூலை சோப்புத் தண்ணீரில் வேகவைத்து வெளுப்பாக்குகிறவள். என் கைக்குப் போகாத அழுக்கா என்ற திமிர். "இதை வச்சிக்கினு இஸ்கூலுக்குப் போறியே, வெக்கமா இல்ல?" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்.

சாயங்காலம் டாக்டரம்மா கொடுத்த களிம்பைத் தடவ அவளை உட்காரவைத்தேன்.

"களிம்புதாம்மா. வலிக்காது."

"தெரியும்மா," என்று பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

என் விரல் படுவதற்கு முன்பே தோளைக் குறுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.