ஆடியில் தங்கிய பிள்ளை

பங்குனி 9, திங்கள்

என் வயிற்றுப் பிள்ளையின் வயதில் அத்தை ஒரு மாதத்தைப் பொய்யாக ஏற்றிவிட்டாள். அவள் மகன் குமரனுக்குத் தெரியும். என்னைப் பெற்ற அம்மாவுக்கும் தெரியும்.

வெயில். காலையிலேயே கூரைத் தகரம் சுடுகிறது. அட்டையில் எழுதியிருக்கும் பிரசவத் தேதி இன்றுதான். வலி இல்லை. வரவும் வராது. தறிக்குக் கொஞ்சம் நூல் தார் சுற்றினேன். முதுகு கடுத்தது. விட்டுவிட்டேன்.

ஆடி பிறந்ததும் அம்மா வந்து என்னைச் சந்தவாசலுக்கு அழைத்துப் போனாள். புதுப்பெண் அந்த மாதம் புருஷனோடு இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்குமே. போன மறுநாள் அங்கே தூரமானேன். மூன்றாம் வெள்ளி படவேட்டுக் கோயிலுக்கு வந்த குமரன் மழையில் மாட்டி இரவு எங்கள் வீட்டில் தங்கினான். அவ்வளவுதான். தாலி கட்டிய புருஷன்.

முதல் முறை பதியப் போனபோது நர்ஸ் கடைசி மாதவிலக்குத் தேதியை என்னிடம்தான் கேட்டாள். அத்தை முந்திக்கொண்டாள். "ஆனி ரெண்டுமா. எனக்கு நல்லா ஞாபகம் கீது." நர்ஸ் காலண்டரைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் காதில்: "ஆடியில மாப்ளய வூட்ல படுக்க வச்சேன்னு என்னத்தான் காறித் துப்புவாங்க. வாய மூடிகினு வா."

பங்குனி 10, செவ்வாய்

வேண்டியவை: பழைய வேட்டி கிழித்தது. ஏணைத் தொட்டிலுக்கு என் நூல்சேலை. வசம்பு. சோப்பு.

பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாதாம். ஒரு குல்லாய் வாங்கி என் துணிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். மஞ்சள். என் முஷ்டிதான் அதற்குள் போகும்.

ஏணைக் கொக்கி எங்கே அடிப்பது? தறிக்கு மேல் உத்திரம் தாங்கும், ஆனால் தூசி. குமரன், "ஜன்னல் பக்கம் அடிச்சுத் தரேன்" என்றான். நல்லவன்தான். அதுதான் எரிச்சல்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று: "இன்னாடி, தேதி தாண்டிச்சாமே. உள்ள இன்னா, யானக்குட்டியா?" சிரித்தேன். உள்ளே போய் அழுதேன்.

பங்குனி 13, வெள்ளி

டாக்டரம்மா. மறுபடி ஸ்கேன்.

மூன்றாம் மாதம் ஸ்கேன் கூடாது என்று அத்தை தடுத்துவிட்டாள். ஆறாம் மாதம் எடுத்ததில் பிள்ளை சின்னது என்றார்கள். அன்றிலிருந்து முட்டை, பேரீச்சை, சத்து மாவு. பிள்ளை சின்னது இல்லை. இளசு. அந்த வித்தியாசம் இங்கே யாருக்கும் வேண்டாம்.

"தேதியும் தாண்டிடுச்சு, வளர்ச்சியும் இல்ல. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

சொல்லிவிட்டேன். "தேதி தப்புங்க மேடம். ஒரு மாசம் தப்பு."

அத்தை என் தோளைத் தட்டினாள். "கத்திக்குப் பயந்துகினு உளறுது மேடம்."

டாக்டரம்மா சிரித்தார். கடைசியில் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்களாம். பிறகு குமரனைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?"

குமரன் சுவரில் ஒட்டியிருந்த குண்டுக் குழந்தைப் படத்தைப் பார்த்தான். "அம்மாவுக்குத்தாங்க தெரியும்."

பங்குனி 15, ஞாயிறு

அத்தையிடம் நேராகக் கேட்டேன். ஊர் வாய்க்கு இவ்வளவு பயமா?

"ஊரு இன்னா ஊரு. என் சின்னவன் சித்திரையில பொறந்தான். அந்த ஆடிக்குள்ள உங்க மாமா பூட்டாரு. அப்பன முழுங்கினவன்னு சொல்லிச் சொல்லியே அவன் வூட்டுப் பக்கம் வர்றதில்ல. எனக்கு மிச்சம் இவன் ஒருத்தன்." கீரையை ஆய்ந்துகொண்டே பேசினாள். "நீ இன்னொண்ணு பெத்துக்கலாம். நான் பெத்துக்க முடியுமா?"

மாமா குடித்து ஈரல் கெட்டுச் செத்தார். சித்திரையா ஊற்றிக் கொடுத்தது?

இது இந்த நோட்டுக்கு மட்டும். அவள் இலையைக் குப்பையிலும் தண்டை முறத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே தறிச் சத்தம் நின்றிருந்தது. குமரன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பிறகு மறுபடி ஓடியது. சேலை எந்த நாள் தறியிலிருந்து இறங்கும் என்று முதலாளிக்குப் போனில் சொல்ல மட்டும் தெரிகிறது.

பங்குனி 16, திங்கள்

சேர்த்துவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். கொசு. நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள், எதற்கென்று சொல்லவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நீயாவது வந்து சொல்லு என்றேன். "அப்புறம் சம்பந்தி மொகத்துல எப்படிமா முழிப்பேன்?" வைத்துவிட்டாள்.

நர்ஸ் வயிற்றில் கருவி வைத்தாள். "குதிர மாதிரி ஓடுது பாரு." கேட்டேன், மாதம் நிறையாமல் எடுத்தால் என்ன ஆகும்?

"மூச்சு விட நெஞ்சு தயாரா இருக்காதுமா. கண்ணாடிப் பெட்டி, வேலூருக்கு ஓடணும், சிலது நிக்கும், சிலது நிக்காது. உனக்கெதுக்கு அந்தக் கவல? உனக்குத்தான் தாண்டிடுச்சே."

பங்குனி 17, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தண்ணீர்கூட இல்லை. வளையலைக் கழற்றச் சொன்னார்கள். வளைகாப்புக்குப் போட்டது. சோப்பு போட்டும் இரண்டு வரவில்லை.

அத்தை டீ வாங்கப் போயிருக்கிறாள். குமரன் கையில் ஒரு தாள். புருஷன் கையெழுத்து வேண்டுமாம்.

"எங்கப்பா பூட்டப்ப எனக்கு ஆறு வயசு." நான் எதுவும் கேட்கும் முன்னாலேயே சொன்னான்.

"சரி, உங்களுக்கு உசுரு பயம். உள்ள இருக்கறதுக்கு மூச்சு வேணும். டாக்டரம்மா பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. போய் ஆடின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சட்டைப்பையைத் தடவுகிறான். பேனா இல்லை. என்னிடம் கை நீட்டுகிறான். தரமாட்டேன். அதற்காகத்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். நீட்டிய கை நீட்டியபடி.

"போய்ச் சொல்லுங்க."