எஸ்டோவர் என்ற சொல்லால் வந்த வினை

ஹாக்ஸ் எண்ட் வீடு,
நியூ ஃபாரஸ்ட், இங்கிலாந்து.
3 செப்டம்பர் 1957

அன்புள்ள மேவிஸ் கண்ணுக்கு,

உன் சித்தப்பா எப்ரயிம் எழுதுவது. இங்கே என் உடம்பு கருவாலி மரம் மாதிரி நிற்கிறது, மனசைத்தான் உள்ளே புழு அரிக்கிறது. அங்கே கனடாவில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் உடம்பு, மனசு இரண்டுமே குறைவில்லாமல் இருக்க ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு இருமல் விட்டதா, நெஞ்சில் வாத்துக் கொழுப்பைத் தடவு, டாக்டர் சிரித்தால் சிரிக்கட்டும், உன்னை அப்படித்தான் தேற்றினோம். நம் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை குட்டி போட்டிருக்கிறது, இந்தக் காட்டில் இதுவரை யாரும் பார்த்திராத குட்டி, பிறந்த ஒரு மணி நேரத்தில் வேலியைத் தாண்டியது, சரி தாண்டப் பார்த்தது.

உன் கடிதம் வந்தது. சித்தியின் கடிதங்களில் ஏன் லிமிங்டன் தபால் முத்திரை இருக்கிறது, அவள் தங்கை வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தாய். அங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உன் சித்தி டோர்காஸ் என்னை விட்டுவிட்டுப் போய் நேற்றோடு ஐந்து வாரம் ஆகிறது. உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள், வீட்டு விஷயத்தைக் கடல் கடந்து அனுப்புகிறவள் இல்லை அவள். இதற்குக் காரணம் குடியோ சூதோ இன்னொரு பெண்ணோ கிடையாது. ஒரே ஒரு சொல். அதுவும் நம் வீட்டுச் சொல், நம் வீட்டுக்கு மட்டுமே பெருமையான சொல், எஸ்டோவர். நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன், நியாயம் எந்தப் பக்கம் என்று நீயே பார்.

நீ ஏழு வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் இங்கே வந்து எந்தக் கணப்பின் முன்னால் முதல் நாள் அழாமல் உட்கார்ந்திருந்தாயோ அந்தக் கணப்புக்கு இந்தக் காட்டிலிருந்து வருஷத்துக்கு ஆறு அடுக்கு விறகு பாத்தியம் என்பது உனக்குத் தெரியும். விறகு எனக்குச் சொந்தமில்லை, நிலத்துக்கும் சொந்தமில்லை, அந்தக் கணப்புக்கல்லுக்கும் அதன் தலைமேல் நிற்கும் புகைபோக்கிக்கும்தான் சொந்தம். இதுதான் எஸ்டோவர். ஏட்டில் நானூறு வருஷம் என்று இருக்கிறது, என் கணக்கில் எழுநூறு, ஏட்டை எழுதியவன் பாதியில் தூங்கியிருப்பான். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் பிரெஞ்சு பேசினார்களாம், அவர்கள் பாஷையில் அதற்கு 'அவசியமானது' என்று அர்த்தம். மனிதன் உயிரோடு இருக்க எது அவசியமோ அது அத்தனையும் எஸ்டோவர். பிறகு பெரிய மனிதர்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள், சொல்லும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் எங்களைப் போன்றவர்களுக்கு விறகு மட்டும் மிஞ்சியது. அதையும் பிடுங்கப் பார்த்தார்கள். என் தாத்தா காலத்தில் வழக்கு நடந்தது, தாத்தா பேசிய பேச்சில் நீதிபதி தலையிலிருந்த பொய்முடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார் என்று சொல்வேன் இல்லையா, அது நிஜம்தான், வெயிலுக்காகக் கழற்றினார் என்று சிலர் சொல்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் பழைய வீட்டின் கூரை உட்கார்ந்துபோனதை எழுதியிருந்தேன். புது வீட்டை நான் ஒற்றை ஆளாகக் கட்டினேன், கொத்தனார் கூடமாட இருந்தார். சுவர் நான்கையும் இடித்தோம், கணப்பையும் புகைபோக்கியையும் மட்டும் தொடவில்லை, தொட்டால் உரிமை போய்விடும். எட்டு மாதம் அது வெட்டவெளியில் ஒற்றைப் பல் மாதிரி நின்றது. போகிறவன் வருகிறவன் எல்லாம் எப்ரயிம் வானத்துக்கு அடுப்பு மூட்டுகிறான் என்று சிரித்தான். சிரித்தவன் ஒருத்தனுக்கும் ஒரு சுள்ளி கிடையாது, எனக்கு ஆறு அடுக்கு. அதைச் சுற்றித்தான் புது வீடு எழும்பியது. சமையலறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது மின்சாரமும் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளை வெளேரென்று எலக்ட்ரிக் ஸ்டவ் வந்து இறங்கியது. டோர்காஸ் கேட்டாள். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேள். எஸ்டோவர் என்றால் அவசியம். வீட்டில் ஸ்டவ் இருந்தால் விறகு அவசியமில்லை. அவசியமில்லை என்றால் உரிமை இல்லை. காட்டு அலுவலகத்து ஆள் ஒருநாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும், நானூறு வருஷம் போச்சு. இதில் என்ன தப்பு, சட்டம் படித்தவன்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா. "ஏன்யா எப்ரயிம், பிரபுக்களயெல்லாம் எதுத்து நின்ன அடுப்புங்கற, அதுல ஒரு முட்டைய குனியாம பொரிக்க முடியுதா? எனக்கு அம்பத்தெட்டு வயசு. முதுகு என்ன காட்டுச் சொத்தா, வளைச்சு வளைச்சு வச்சுக்க?" என்றாள். நான் சமாதானமாக ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லப் போனேன், அதுதான் வினையாகிவிட்டது. இந்த ஸ்டவ் என்ற சொல்லே நம் எஸ்டோவரின் வயிற்றில் பிறந்ததுதான், எஸ்டோவர், ஸ்டோவர், ஸ்டவ், பார், ஊரெல்லாம் பிள்ளையை வைத்திருக்கிறார்கள், நாம் தாயையே வைத்திருக்கிறோம் என்றேன். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "தாய என் தலையில கட்டிட்டே சரி, புள்ளைய எப்பக் கூட்டியாரப் போற?" என்றாள்.

இதை நான் விட்டிருக்கலாம். விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வக்கீல் பில்பீமைச் சாப்பிடக் கூப்பிட்டேன். தொழிலை விட்டுப் பத்து வருஷமாகிறது என்றாலும் அவரிடம் பன்றிக்குட்டி கனத்துக்கு ஒரு சட்ட அகராதி இருக்கிறது, அதையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். அவள் முன்னால் அவர் வாயாலேயே நான் சொன்னது சரி என்று வரவேண்டும் என்பது என் எண்ணம். மனிதர் நம் ஆட்டிறைச்சியைத் தின்றுகொண்டே என் காலை வாரினார். "ஸ்டவ்வு வேற எஸ்டோவர் வேற எப்ரயிம். சத்தம் ஒண்ணா இருந்தா சம்பந்தியாயிட முடியுமா?" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அந்தச் சொல்லுக்கு விறகு மட்டும் பொருளில்லையாம், புருஷனைப் பிரிந்து வாழும் மனைவிக்கு அவன் சொத்திலிருந்து கொடுக்க வேண்டிய பராமரிப்புக்கும் ஒரு காலத்தில் எஸ்டோவர் என்றுதான் பேராம். சிறையில் கிடக்கும் கைதிக்கு அவன் பொருளிலிருந்தே போடும் சோற்றுக்கும் அதே பேராம். எல்லாம் உயிர் வாழ அவசியமானது என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை என்று ஏதோ பிரசங்கம் மாதிரி சொல்லிவிட்டு, ஆப்பிள் பை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். டோர்காஸ் ஒரு துண்டு வெட்டி அவர் தட்டில் வைத்தாள். வைத்துக்கொண்டே, "இன்னொண்ணும் பாத்துச் சொல்லுங்க வக்கீலய்யா. ரெண்டு வருஷமா இந்தக் கணப்புக்கு முன்னால மண்டியிட்டுச் சமைக்கறேனே, நான் இவருக்குப் பொண்டாட்டியா, கைதியா? எந்தப் பக்கத்துல வருவேன்?" என்றாள். பில்பீம் புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் தொப்பி வைத்துக்கொண்டு போனவள்தான்.

ஒரு வாரத்தில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பிரிந்திருக்கும் மனைவி என்ற முறையில் எனக்கு எஸ்டோவர் வேண்டும், ஆறு அடுக்கில் மூன்று அடுக்கு விறகை லிமிங்டனுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பு என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே நான் அவளை மடக்கினேன் பார். இந்த விறகு இந்தக் கணப்பில் மட்டும்தான் எரியலாம், வாசல் தாண்டினால் குற்றம், ஆகவே உன் எஸ்டோவர் உனக்கு வேண்டுமென்றால் நீதான் இங்கே வந்து அதன் முன்னால் உட்கார வேண்டும், இதுவே சட்டம் என்று நான்கு பக்கம் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே அதுதான் உத்தமமான கடிதம். பதிலுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. கார்டு, மேவிஸ், உறைகூட இல்லை, தபால்காரனிலிருந்து தேவாலயத்து மணியடிப்பவன் வரை எல்லாரும் படித்தாகிவிட்டது. அதில் ஒரே வரி: 'அப்ப கணப்பப் பேத்து அனுப்பு.' அதற்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. நேரில் போனேன். அவள் தங்கை வாசலை அடைத்து நின்று, "அக்கா வீட்ல இல்ல" என்றாள். உள்ளே மாடிப்படித் திரைச்சீலைக்குக் கீழே உன் சித்தியின் செருப்பு தெரிகிறது. நான் குனிந்து அந்தச் செருப்புக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் நிஜமான கஷ்டம். போன செவ்வாய்க்கிழமை காட்டு அலுவலகத்திலிருந்து ட்ரான்டர் என்று ஓர் அதிகாரி வந்தார், பாத்தியமுள்ள கணப்புகளை எல்லாம் பார்வையிட்டு ஏட்டைச் சரிபார்க்கிறார்களாம். நல்ல மனிதர், என் பேச்சைக் கேட்டுக்கொண்டே குனிந்து சாம்பலில் கை வைத்தார். "ரொம்ப நாளா எரியலையே பெரியவரே" என்றார். எப்படி எரியும். எனக்குத் தீ மூட்டத் தெரியாது என்று நினைக்காதே, மழையில் நனைந்த முள்விறகை ஒரே குச்சியில் பற்றவைத்தவன் நான். மூட்டினேன். இந்தப் புது வீட்டில் புகை மேலே போவதில்லை, வீட்டுக்குள் வருகிறது. எந்தக் கதவை எத்தனை விரல்கடை திறந்து வைத்தால் காற்று இழுக்கும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று நாள் இருமிவிட்டு நிறுத்திவிட்டேன், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெங்காயமுமாக ஓடுகிறது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவர் ஏட்டில் எழுதாமல் பேனாவை மூடி, "அக்டோபர் ஒண்ணாந்தேதி திரும்ப வர்றேன். அன்னிக்குக் கணப்புல தீ இருக்கணும். இல்லேன்னா பயன்பாட்டுல இல்லைன்னுதான் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. என் நேர்மை தெரியட்டும் என்று, பாருங்கள் ஐயா, ஊரே ஸ்டவ் வாங்கியும் நான் வாங்கவில்லை, விறகை அவசியமாகவே வைத்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஸ்டவ்வுக்கு என்ன தடை? நீங்க எதுல வேணா சமைங்க, கணப்புல ஒரு தீ இருந்தாப் போதும். சட்டம் அடுப்பத்தான் கேக்குது, உங்க வீட்டம்மா குனியணும்னு எங்க கேட்டுச்சு?" என்றார். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்மேல் கோபம், இதை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கக் கூடாதா. பில்பீம்மேல் கோபம், வேண்டாத பக்கத்தையெல்லாம் படித்தவருக்கு இந்தப் பக்கம் கண்ணில் படவில்லை. அந்தச் சொல்மேல் கோபம், ஒரு சொல் என்றால் ஒரே பொருளில் நிற்க வேண்டாமா, பிரெஞ்சுக்காரனிடம் ஒன்று, பிரபுவிடம் ஒன்று, பெண்டாட்டியிடம் ஒன்று என்று திரிந்தால் குடித்தனக்காரன் என்ன செய்வான். நேற்று லிமிங்டன் கடைத்தெருவில் ஒரு ஸ்டவ் வாங்கிவிட்டேன், அந்தக் கடையிலேயே பெரியது, மேயர் வீட்டில்கூட இவ்வளவு பெரியது இருக்காது. சனிக்கிழமை கொண்டுவந்து மாட்டுகிறார்கள். இதை அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை. உன் கடிதத்தை மட்டும்தான் அவள் பிரிப்பாள்.

ஆகவே நீ எழுத வேண்டும். அரசாங்கம் இந்த மாதம்தான் சட்டத்தை மாற்றிவிட்டது, உடனே சித்தப்பா ஓடிப்போய் ஸ்டவ் வாங்கிவிட்டார் என்று எழுது, அப்படித்தான் உன்னிடம் கேட்க உட்கார்ந்தேன். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு சட்டமும் தயார் செய்து வைத்திருந்தேன், நன்றாகவே இருந்தது. வேண்டாம். அவள் பில்பீமிடம் கேட்டுவிடுவாள். அதற்காக மட்டும் சொல்லவில்லை. சட்டம் மாறவில்லை, எப்போதும் இப்படித்தான் இருந்தது, உன் சித்தப்பா ஒருத்தரிடமும் கேட்கவில்லை என்று எழுது. இரண்டு வருஷம் நீ குனிந்தது எதற்காகவும் இல்லை என்று எழுது. அதை எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும், எனக்கு வரவில்லை, நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். அவள் சிரிப்பாள். லிமிங்டன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு விசாரிப்பு. மாப்பிள்ளை புது வீடு கட்டப்போகிறார் என்று எழுதியிருந்தாய், சமையலறையை நீ பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்கவிடாதே. உன் குடும்பம் தழைக்கட்டும், உங்கள் வீட்டில் குளிர் நுழையாமல் இருக்கட்டும். கடிதத்தை விமானத் தபாலில் போடு, கப்பலில் போட்டால் ஒன்றாம் தேதி தாண்டிவிடும்.

கணப்பு அணைந்த வீட்டிலிருந்து,
உன் சித்தப்பா,
எப்ரயிம் விட்லாக்