ஹாலுக்கு ஆறு பெட்டி

ஜூன் 2, செவ்வாய்

மகளுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. 29ஆம் தேதி காலை கிளம்ப வேண்டும். ரயிலில் பதினெட்டு மணி நேரம். சந்தோஷம்தான். அலுவலகத்தில் மூன்று பேரிடம் சந்தோஷம் என்று சொல்லிவிட்டேன், நான்காவதாக இந்த நோட்டிடம் சொல்கிறேன்.

இன்னும் இருபத்தேழு நாள். இப்போதைய நிலவரப்படி அந்த இருபத்தேழு நாளும் அவள் தன் அறையில், காதில் ஹெட்போனோடு, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். ஹாலுக்கு வருவது தண்ணீர் குடிக்க, சார்ஜர் தேட, "அம்மா எங்க?" என்று கேட்க.

அவள் கல்லூரிக்குப் போகும்வரை ஞாயிறு மதியம் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து படம் பார்ப்போம். அது எப்படி நின்றது? ஒரு தடவை கேட்டதற்கு, "அந்த டிவில பேசுறதே விளங்கலப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள்.

நில அளவையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். கோளாறு எங்கே என்று தெரிந்தால் தீர்வு தானே வரும். நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் அவள் வெளியே வருவாள். 7, 14, 21, 28 - நான்கு ஞாயிறு இருக்கிறது. நான்கு படம்.

ஜூன் 3, புதன்

வீட்டில் அறிவித்தேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அதிர்வுக்கு ஒரு பாஸ் பெட்டி, ஆக மொத்தம் ஆறு.

மனைவி மருத்துவமனையில் வார்டு பொறுப்பு நர்ஸ். "நாள் பூரா பீப் பீப்னு கேட்டுட்டு வரேன். வீட்லயும் ஆறு பொட்டி கத்தணுமா?" என்றாள். பிறகு நிபந்தனைகள் விதித்தாள். கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், வயர் கண்ணில் படக்கூடாது, அவளுடைய அலமாரியை ஓர் அங்குலம் நகர்த்தக்கூடாது.

ஏன் திடீரென்று என்று கேட்டாள். டிவியில் சத்தம் சரியில்லை என்றேன். மாத்திரை போட்டாச்சு என்று பொய் சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

ஜூன் 4, வியாழன்

விஷயம் அதற்குள் சகலை காதுக்குப் போய்விட்டது. மனைவியின் அக்கா புருஷன். அவர் வீட்டில் பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் நிற்கும். போன தடவை படத்தில் துப்பாக்கி வெடித்தபோது என் டீ டம்ளர் தானாக நகர்ந்து டீப்பாயின் ஓரத்துக்கு வந்துவிட்டது. நாற்பது நிமிடம் போனில் வகுப்பெடுத்தார். சாரம் இதுதான்: "சின்னதா வாங்கினா சின்னதாத்தான் கேக்கும் சகலை."

இவரிடம் இந்த ஜென்மத்தில் யோசனை கேட்பதில்லை.

ஜூன் 6, சனி

ஹாலை அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மனைவி டியூட்டியில் இருந்தாள், மகள் கதவைத் தட்டினேன். ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு வந்தாள்.

போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை அளப்பது எங்கள் தொழில் வழக்கம். இரண்டும் பொருந்தினால்தான் எழுதுவோம். பொருந்தியது. ஆனால் எதிரெதிர்ச் சுவர் இரண்டும் பொருந்தவில்லை. நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். மறுபடி அளந்தேன். அதே நான்கு. பத்தொன்பது வருடமாக நான் குடியிருக்கும் ஹால் கோணல்! ஊரில் எத்தனை பேரிடம் "உங்க எல்லை கோணலா இருக்கு" என்று கறாராகச் சொல்லியிருப்பேன்.

மகள் சிரித்துச் சிரித்து டேப்பை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதனால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 7, ஞாயிறு

பெட்டி வரவில்லை, படமும் இல்லை. வரைபடத்தைக் கணினியில் போட்டுத் தருகிறேன் என்று மகள் உட்கார்ந்தாள். சோபா எந்த இடத்தில் என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். மதியம் முழுக்க அதிலேயே போய்விட்டது. ஒரு ஞாயிறு வீண்.

ஜூன் 9, செவ்வாய்

வேலை முடிந்ததும் மகளோடு முதல் கடை. ஸ்பீக்கர் விற்கிறவர் ரகசியம் சொல்வதுபோலப் பேசுகிறார். அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை, விழுந்த பாதி புரியவில்லை.

எடுத்த எடுப்பில் ஹெலிகாப்டர் பறக்கிற காட்சியைப் போட்டார். எங்கள் ஹாலுக்கு ஹெலிகாப்டர் வருவதில்லை, மனைவி பார்ப்பது சீரியல், அதில் அழுவார்கள், ஆகவே அழுகை போட்டுக் காட்டுங்கள் என்றேன். மனிதர் திகைத்துவிட்டார். தேடிப்பிடித்து ஒரு விதவையின் புலம்பலைப் போட்டார். வரைபடத்தின்படி நாற்காலிகளை நகர்த்தச் சொன்னேன். அம்மாவின் இடத்தில் மகள், என் இடத்தில் நான். கண்ணை மூடிக் கேட்டேன்.

இந்த நோட்டுக்கு மட்டும் உண்மை. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்தடுத்து மூன்று மாடல் போட்டார். மூன்றிலும் ஒரே பெண் ஒரே மாதிரி அழுதாள்.

"நடுப்பொட்டி மூக்கடைச்ச மாதிரி பேசுது" என்றாள் மகள். நானும் அதையேதான் நினைத்தேன் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 13, சனி

இரண்டாவது கடை. முதல் மாடலில் பாஸ் அதிகம் என்றாள் மகள். இரண்டாவதில் பாஸ் போதாது என்றாள். மூன்றாவது நன்றாக இருந்தது, ஆனால் வெள்ளை நிறம் அழுக்காகுமாம்.

திரும்பும்போது டீக்கடையில் நின்றோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்ன செய்தேன் என்று கேட்டாள். கருவியைத் தலைகீழாக மாட்டிவிட்டு அரை நாள் அளந்த கதையைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் இதை அவளிடம் சொன்னதே இல்லையாம். பேச்சு சுவாரஸ்யத்தில் வீட்டுக்குப் போகிற பஸ் இரண்டை விட்டுவிட்டோம்.

ஜூன் 14, ஞாயிறு

இரண்டாவது ஞாயிறும் போச்சு. என்னதான் வேணும் இவளுக்கு? ஒன்னு சொன்னா ஒன்னு நொட்டை சொல்றா. இப்படியே போனா பொட்டி வர்றதுக்கும் இவ ரயில் ஏறுறதுக்கும் சரியா இருக்கும்.

ஜூன் 17, புதன்

மூன்றாவது கடை. உள்ளங்கை அளவு ஐந்து பெட்டி, சோபாவுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய பாஸ் பெட்டி. கறுப்பு நிறம், அழுக்காகாது. மூக்கடைப்பு இல்லை. நான் முடிவே செய்துவிட்டேன். "எனக்கென்னவோ பிடிக்கலப்பா" என்றாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தெருவில் வைத்தே கோபம் வந்துவிட்டது. "நீ இங்க இருக்கப்போறது இன்னும் பன்னெண்டு நாளு. கேக்கப்போறது நானும் உங்கம்மாவும். எங்களுக்குப் பிடிச்சா போதும்" என்றேன்.

பஸ்ஸில் அவள் தனியாக ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரை ஹாலுக்கு வரவைக்க இத்தனை பாடு? அவளிடமே போய் இப்படிச் சொல்லியிருக்கிறேன். வாயா இது?

ஜூன் 18, வியாழன்

அவள் கதவு சாத்தியே இருந்தது.

ஜூன் 20, சனி

தனியாகப் போய் அந்த மூன்றாவது கடைப் பெட்டியையே வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கொண்டுவருவார்கள். அழுகை போடச் சொல்லவில்லை. கடைக்காரர் தாமாகவே, "பாப்பா வரலையா சார்?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

மூன்றாவது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 23, செவ்வாய்

பெட்டி வந்தது. மானமும் போனது.

பாஸ் பெட்டியை சோபாவுக்கு அடியில் தள்ளினேன். போகவில்லை. பெட்டி உயரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர், சோபாவின் அடியில் பதினான்குதான் இடம். நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், சுவர்க் கோணலைக்கூட அளந்தேன். உயரத்தை அளக்கவே இல்லை! முப்பது வருடமாக நிலத்தை மேலேயிருந்து பார்த்து வரைந்தவன். என் வரைபடத்தில் அது கச்சிதமாக உள்ளே இருக்கிறது.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வார்டில் சிரிக்கவே மாட்டாள் என்று பெயர், அவள் சிரித்த சிரிப்பில் மகள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். வரைபடத்தைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சோபாவத் தூக்கிடலாம்பா" என்றாள்.

நாலு காலுக்கும் மரக்கட்டை வைத்துத் தூக்கினோம். பெட்டி உள்ளே போனது. ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் மனைவிக்குக் கால் தரையில் எட்டவில்லை. லாரி சீட்டில் ஏறுவதுபோல ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். கட்டைகளை எடுத்தோம். பாஸ் பெட்டி இப்போது சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மனைவி அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறாள்.

அன்று தெருவில் பேசியது தப்பு என்று மகளிடம் சொன்னேன். "சரி விடுங்கப்பா, அந்த வயரக் குடுங்க" என்றாள்.

ஜூன் 26, வெள்ளி

மூன்று மாலையாக அவளும் நானும் வயர் ஒளித்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தெரியாது. அலமாரி ஓர் அங்குலம் நகர்ந்தது, மனைவியிடம் சொல்வதில்லை என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.

ஜூன் 28, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்குப் படம் போட்டேன். வாசலருகே அவளுடைய இரண்டு சூட்கேஸ். நடுவில் மகள், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் அம்மா. நான் நினைத்த இடத்தில் நினைத்தபடி மூன்று பேர். உச்சி குளிர்ந்துபோயிற்று.

பத்தாவது நிமிடத்தில் கார்கள் துரத்த ஆரம்பித்தன. முன்னால் மூன்று கார், முதுகுக்குப் பின்னால் இரண்டு. சகலை கேட்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்பார். அப்போது மகள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. "என்னம்மா?" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு அணைத்தேன்.

"அந்த மூணாவது கடைப் பொட்டி. அது பிடிக்காம இல்லப்பா. வாங்கிட்டா முடிஞ்சிடும்ல. அப்புறம் நீங்க பாட்டுக்கு ஆபீஸ், நான் பாட்டுக்கு ரூம். கடை கடையா போனது நல்லா இருந்துச்சு, அதான் வேணாம்னேன்."

எதையாவது சொல்ல வேண்டுமே என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். எந்தக் கடையிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவள் மூக்கடைப்பு என்றதும் ஆமாம் போட்டேன் என்றேன்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்" என்றாள்.

"அப்ப அந்தக் கடைக்காரர்கிட்ட அவ்வளவு நேரம் அழுகைய யாருக்காகப் போடச் சொன்னீங்க?" என்றாள் மனைவி.

உனக்காகத்தான் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மகள், போகிற இடத்தில் ஒருத்தரையும் தெரியாதே, பயமாக இருக்கிறது என்றாள். ஹாஸ்டல், வேலை, முதல் நாள் என்று எல்லாம் பேசினோம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன், அதைச் சொன்னதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. படம் அது பாட்டுக்கு ஊமையாக ஓடி முடிந்தது. கதாநாயகன் பிழைத்தானா என்று தெரியாது.

ஜூன் 29, திங்கள்

ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. ஒரு பத்து நிமிடமாவது தாமதமாகும் என்று நம்பிப் போயிருந்தேன்.

ஜூலை 5, ஞாயிறு

மதியம் சகலை ஸ்பீக்கரைப் பரிசோதிக்க வந்தார். தன் கையாலேயே ஒரு படத்தைப் போட்டு, சத்தத்தை முக்கால்வாசி ஏற்றினார். அரை மணி கழித்து, "சின்னதுன்னாலும் பரவாயில்ல சகலை" என்றார். அவர் வாயிலிருந்து இது வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். ஹாலில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. நானும் மனைவியும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டோம். முதல் வாரம் எப்படி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் எப்படிக் குறட்டை விடுகிறாள், மேலதிகாரி எப்படித் தும்முவார் என்று ஐம்பது நிமிடம் சொன்னாள். இடையில் நானும் அவளும் பேசிவைத்திருந்த அலமாரி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

உள்ளே வந்தபோது படம் முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சகலைக்கு வருத்தம்.

"முக்கியமான இடத்த விட்டுட்டீங்களே" என்றார்.

"இல்ல அத்தான், விடல" என்றாள் மனைவி. டீ போட உள்ளே போனாள்.